மடி கிழிஞ்சிரும்

டிக்கெட்டின் மீதிப் பாதி
இன்னும் என் பர்ஸில்தான் இருக்கிறது.
முந்நூறு ரூபாய்.
அதற்கு ஒன்பது கிலோ நண்டு உடைக்க வேண்டும்,
ஓடு ஒரு தட்டில், சதை ஒரு தட்டில்,
விரலில் முள் குத்திய கணக்கு
எந்தத் தட்டிலும் சேராது.

மண்டபம் சேதுராணி டாக்கீசில்
படம் நின்று வெகுகாலம்.
நடுவில் உப்பு மூட்டை அடுக்கினார்கள்,
பிறகு பந்தல்காரரின் நாற்காலிகள்.
நெற்றியில் சுண்ணாம்பு எழுத்தில் 1938.
எட்டின் இடுப்பு உதிர்ந்துபோய்
1930 என்று படித்துவிட்டு
வெளியூர்க்காரர்கள் படம் எடுத்துக்கொண்டார்கள்.
நாங்கள் திருத்தவில்லை.

சுவரெல்லாம் பவளக்கல்;
கடலுக்குள் இருந்தவரை
உயிரோடு இருந்த கல்.
'பெண்கள்' என்று எழுதிய சின்ன வாசல் பூட்டியிருந்தது.
நானும் ஜெனோபாவும்
பெரிய வாசல் வழியாகவே போனோம்.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
சண்டைக்குத் தயாராக வந்த ஜெனோபாவுக்கு
அது கொஞ்சம் ஏமாற்றம்.

மேடையில் ஐந்து பேர்.
இரண்டு கிட்டார், ஒரு டிரம்செட்,
பரமக்குடியிலிருந்து உறுமியோடு ஒருத்தர்,
மெட்ராஸிலிருந்து வேனில் வந்த பாடகி.
பேஸ் கிட்டாரின் முதல் அடி
காதுக்கு வரவேயில்லை, நேரே வயிற்றுக்கு வந்தது,
விடியலில் வள்ளத்து எஞ்சினை உதைக்கிற மாதிரி.
இரண்டாம் அடிக்குக் கூரைச் சுண்ணாம்பு உதிர்ந்து
ஜெனோபாவின் தலையில் கோலமாவு.
புரொஜெக்டர் ஓட்டையிலிருந்து வௌவால்கள்
கூட்டமாக வெளிநடப்பு செய்தன.
உறுமி தேய்த்துத் தேய்த்துக் கேட்டதற்கு
கிட்டார் கத்திப் பதில் சொன்னது.
கைதட்டினால் உள்ளங்கை எரிந்தது.
எரியட்டும் என்று தட்டினேன்.

அப்புறம் பாடகி மைக்கில் சொன்னாள்,
"அடுத்தது உங்க பாட்டு.
கரைவலை அம்பா."
பாலிடெக்னிக் பையன்கள் குதித்தார்கள்,
டிரம்ஸ்காரர் நாலு கால் பாய்ச்சலில் போனார்,
செல்போன் வெளிச்சத்தில் தூசி ஆடியது.
பால்கனியிலிருந்து ஒரு குரல் விழுந்தது:

"ஏய், நிறுத்து!
இந்த வேகத்துல இழுத்தா மடி கிழிஞ்சிரும்!"

கொட்டகையே சிரித்தது.
பார்த்தால் முப்பது வயதிருக்கும்,
கால்பந்து ஜெர்சி, தொண்டிப் பக்கத்துப் பேச்சு.
பாடகி நெற்றியில் கைவைத்து அண்ணாந்து,
"அப்ப எந்த வேகம்?" என்றாள்.
அவனுக்குப் பாட வரவில்லை.
பால்கனிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்து
உடம்பு முழுவதையும் பின்னால் சாய்த்தான்.
நின்றான்.
குதிகால் பதித்தான்.
மறுபடி சாய்ந்தான்.
டிரம்ஸ்காரர் அந்தக் குதிகாலையே பார்த்தபடி
ஓர் அடி கொடுத்தார்.
அடுத்த அடி வருவதற்குள்
வெளியே ராமேஸ்வரம் ரோட்டில்
ஒரு ஐஸ் லாரி முழுதாகக் கடந்து போனது.
அத்தனை இடம்.
அந்த இடத்தில்தான் பாட்டு இருந்தது.

எனக்கு வலை இழுக்கத் தெரியாது,
எங்கள் கரையில் அந்தக் கயிற்றைப்
பெண்களிடம் தந்ததில்லை.
ஆனாலும் கை சும்மா இருக்கவில்லை.
முன்சீட்டின் முதுகைப் பிடித்து
எல்லாரோடும் சாய்ந்து இழுத்தேன்.
ஒன்று. இரண்டு. மூன்றாவது இழுப்பில்
உப்புக்காற்று தின்ற போல்ட் விட்டுக்கொண்டு
சீட்டின் முதுகு என் மடியில்.
அதில் உட்கார்ந்திருந்த கண்ணாடிக்காரர்
மல்லாந்து என்னைப் பார்த்தார்.
"மன்னிச்சுக்குங்க" என்றேன்,
பாட்டில் கரைந்துவிட்டது.
அவரும் ஏதோ சொன்னார்,
திட்டாகவும் இருக்கலாம்,
உதடு அம்பாவுக்கு அசைந்ததாகவும் இருக்கலாம்.

கடைசி பஸ் போய்விட்டது.
ஸ்டேஷன் ரோட்டில் நடந்தோம்.
ஜெனோபா ஏதோ கேட்டாள்,
நான் "ஆ?" என்றேன்,
அவளும் "ஆ?" என்றாள்.
அப்படியே வீடு வந்தது.

காலை ஆறரைக்கு மேசையில் நண்டு.
காது இன்னும் கொய்யென்றது.
ஓட்டைத் தட்டிவிட்டு
அடுத்த தட்டுக்குக் காத்திருந்தேன்.
சூப்பர்வைசர் கனகசபை பின்னால் வந்து நின்று
"என்னம்மா, வேகமா" என்றார்.
"கிழிஞ்சிரும் சார்" என்றேன்.
அவர் குனிந்து
நண்டைப் பார்த்தார்.